தாடைக்குக் கீழே ஒரு புரோச்

நகையை யாரும் மறைத்து அணிவதில்லை. வீரமலைத் துரையின் வம்சத்தார் கனவிலும் அப்படி அணிய மாட்டார்கள். ஆனால் ஐந்து பழைய படங்களிலும் அந்த மயில் புரோச், துணியில் குத்தும் நகை ஊசி, சால்வை மடிப்பில் பாதி புதைந்து, தாடைக்கு நேர் கீழே இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். போட்டோ ஸ்டுடியோவில் இருபது வருஷமாக டச்சிங், படங்களைத் தூரிகையால் திருத்தும் வேலை. ஜமீன் ஒழிந்து எட்டு வருஷம் கழித்து, துரை வம்ச மலர் அச்சிடுகிறார். எந்தப் படத்தில் எந்த நகை என்று இவர் அடையாளம் சொல்ல வேண்டும். ஆறாவது படம் இன்றுதான் எடுக்க வேண்டும், அதே புரோச்சோடு துரையே.

"என்ன ஸ்தனிஸ்லாஸ், எங்க பாட்டனார் கம்பீரத்துல சொக்கிட்டீங்களா?" பக்கத்து அறையில் துரை தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டே இருக்கேங்க."

தென்னூரின் பிற்பகல் வெயில் சாத்திய ஜன்னல்களுக்கு வெளியே நின்றுவிட, கூடத்தில் வௌவால் நெடியும், எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசையும், சுவரோரம் அடுக்கிய சிம்மாசன நாற்காலிகளின் நீண்ட நிழல்களும் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஸ்தனிஸ்லாஸ் பூதக்கண்ணாடியைப் புரோச்சிலிருந்து முகத்துக்கு நகர்த்தினார்.

கண்மணிகளில் தூரிகைக் கோடுகள். மூடிய இமைமேல் வரைந்த கண்கள். சவத்தை உட்காரவைத்து எடுத்த படங்களுக்கு அவரும் அப்படி வரைந்து தந்ததுண்டு. ஐந்து ராஜாக்கள். ஐந்தும் பிணம். வாய் தொங்காமலிருக்க ஊரெல்லாம் கிழிந்த வேட்டியால் தாடையைக் கட்டும். இங்கே அது கௌரவக் குறைச்சல். சால்வையால் கட்டி, புரோச்சால் இறுக்கியிருக்கிறார்கள்.

"துரை! அதைக் குத்திக்காதீங்க!"

"ஏன்யா?"

"உசிரோட இருக்கிறவங்க போடுறது இல்லீங்க அது!"

"அப்ப நான்தான் முதல் ஆளு. அதையும் மலர்ல எழுதிடுங்க!"

பெரிய சிரிப்பு. ஊசி பூட்டும் சத்தம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

ஓடினார். துரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

"துரை?"

துரையின் கை சில்லிட்டிருந்தது. மூச்சில்லை. புரோச்சைக் கழற்றினால் மூச்சு வரலாம். ஊசியைப் பிடுங்கினார்.

தாடை விழுந்தது. மார்புவரை. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. திறந்த வாயின் இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும், அதே மிடுக்கோடு:

"எங்க வம்சம் பதிமூணு தலைமுறை, ஸ்தனிஸ்லாஸ். எழுதிக்கிறீங்களா?"