பாஸ்வேர்டு வேண்டாம், மீனாள்!

மேனேஜர் நெல்லைநாயகம் கம்ப்யூட்டர் மேஜை மேலேயே கவிழ்ந்து கிடந்தார்.

கழுத்து பாதி அறுந்திருந்தது!

ரத்தம் மேஜையிலிருந்து வழிந்து தரையில் குளமாய்த் தேங்கியது. ஆபரேட்டர் முத்துமீனாள் சுவரோடு ஒட்டி நின்றாள். கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? ஆடித்தபசுத் திருவிழா. மில்லுக்கு லீவு. சங்கரன்கோவில் ஊரே ரத வீதியில் திரண்டு நின்றது.

பஞ்சு ஏஜெண்ட் சண்முகையா அரிவாளை வேட்டியில் துடைத்தான்.

"ஏட்டி, போன வாரம் குடோன் எரிஞ்சு ரெண்டு பேரு செத்தாங்கள்லா... அன்னைக்கு நான் உள்ள வந்த பதிவு இந்தப் பொட்டிக்குள்ள இருக்கு. அழி!"

"அ... அழிக்கணும்னா பாஸ்வேர்டு கேக்கும் அண்ணாச்சி."

"போடு!"

"எனக்குத் தெரியாது. சாருக்கு மட்டுந்தான் தெரியும்..."

இருவரும் பிணத்தைப் பார்த்தார்கள்.

சண்முகையாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவசரக்குடுக்கை!

பளார்!

அவள் உதடு கிழிந்தது. அரிவாள் கழுத்துக்கு வந்தது.

"வேற வழி சொல்லு. இல்லன்னா நீயும் அவன் பக்கத்துல படுத்துக்கோ!"

மீனாள் திரையைப் பார்த்தாள். ஒரே ஒரு வழிதான்...

"ஒரு புரோகிராம் இருக்கு. தினம் மூணு தடவை ஓடும். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு அடிச்சு மாளலன்னு, அதுக்கு மட்டும் கேக்காம ஓட சார் அனுமதி எழுதி வச்சிருக்காவ."

"கேக்கவே கேக்காதா?"

"கேக்காது."

"அப்ப ஓட்டுட்டி!"

ரத்தத்தில் வழுக்கிய விரலால் நாலு எழுத்து தட்டினாள். திரை எதுவும் கேட்கவில்லை.

"அழிஞ்சிட்டா?"

ஊஊஊஊ...!

கூரை மேல் மில் சங்கு அலறியது! போன மாசம் வரை வாட்ச்மேன் ஊதிய சங்கு. இப்போது ஷிப்டுக்கு ஷிப்டு கம்ப்யூட்டரே ஊதுகிறது. லீவு நாளில் அது ஊதினால் ஊருக்கு ஒரே அர்த்தம்... தீ!

"நாசமாப் போறவளே!"

அரிவாள் இறங்கியது. மீனாளின் தோள் பிளந்தது. அவள் மேஜைக்கு அடியில் உருண்டாள். மறுபடி ஓங்கிக்கொண்டு பாய்ந்தவன்... மேனேஜரின் ரத்தத்தில் வழுக்கி மல்லாந்தான்! மேஜை விளிம்பில் மண்டை மோதி உடைந்தது. எழ முடியவில்லை.

கதவு தெறித்தது. தண்ணீர் வாளிகளோடு ஜனம். முன்னால் பந்தோபஸ்து போலீஸ்! நாலு பேர் அவனைப் புரட்டி, லத்தியால் வெளுத்து, முழங்காலால் அமுக்கினார்கள்.

சங்கு நின்றபாடில்லை.

"நிப்பாட்டு! ஏட்டி, அந்தச் சனியன நிப்பாட்டுட்டி!" என்று சண்முகையா காதைப் பொத்த முடியாமல் கதறினான்.

மீனாள் தோளை அழுத்திப் பிடித்தபடி, மேஜை மேல் கிடந்தவரைக் காட்டினாள்.

"ஓட்டத்தான் அனுமதி. நிப்பாட்டணும்னா பாஸ்வேர்டு வேணும் அண்ணாச்சி... சார்கிட்ட கேளுங்க!"