பெயரில்லாத படம்

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்களுக்குப் பெயர் மாற்றும் ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. ஆனால் ஜானவி திறந்து பார்த்தபோது ஃபோல்டர் காலியாக இருந்தது.

அவள் பதறவில்லை. பதறுவது எப்படி என்பது ஒரு வருடமாக அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. வெளியே ஜூன் மாதத்து இடவப்பாதி மழை ஓட்டின் மேல் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, ஊரின் பழைய கோட்டைக்குள் இருந்த அந்த நீண்ட, ஒடுங்கிய வீட்டின் நடு அறையில், ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும் ரசத்தின் மிச்ச வாசனையும் கலந்த இருட்டில், லேப்டாப்பின் வெளிச்சம் மட்டும் அவள் விரல்களின் மேல் விழுந்திருந்தது. மனசு அடங்க டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்ட பிறகு அந்த விரல்கள் கொஞ்ச நேரத்துக்கு வேறு யாருடையவோ போல இருக்கும். அவை ஸ்கிரிப்டைத் திறந்தன. வரி வரியாகக் கீழே இறங்கின.

ஓர் எழுத்துதான் தப்பு. ஒவ்வொரு படத்திலிருந்தும் எடுத்த தேதியைப் படித்து, அதையே பெயராக வைக்கச் சொல்லியிருந்தாள். பெயர் வைக்கும் வரியில் ஓரெழுத்து விட்டுப்போனதால், தேதி இருக்கவேண்டிய இடம் வெறுமையாகிவிட்டது. எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர், வெறுமையான பெயர். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் அந்தக் கட்டளை அழிக்கட்டுமா என்று கேட்காது. பழையதன் மேல் புதியதை வைத்துவிட்டுப் போய்விடும். ஒன்றின் மேல் ஒன்றாக மூவாயிரத்து நூற்றுப் பதினொரு தடவை.

ஆபீஸில் என்றால் நகல் எடுக்காமல் எதையும் ஓட்டமாட்டாள். இன்றைக்கு எடுக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

படங்கள் அவள் கணவன் கௌசிக்குடையவை. போன ஜூனில் நண்பர்களோடு பொன்முடிக்குப் போனவன், திரும்பும்போது கல்லாற்றில் டீ குடிக்க இறங்கி, கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று ஆற்றுப் பக்கம் போனான். மலைமேல் பெய்த மழை ஒரே மூச்சில் கீழே வந்தது என்றார்கள். இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான். முகத்தை மூடித்தான் கொடுத்தார்கள். வருஷாப்திகத்துக்கு, முதல் வருடத் திதிக்கு, இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பிள்ளையின் படங்களைத் தேதி வரிசையில் ஓர் ஆல்பமாகப் போட்டுத் தரச் சொல்லி மாமியார் பாகீரதி கேட்டிருந்தாள்.

மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லி ஜானவி தட்டினாள். ஒன்று இருந்தது. ஒரு புள்ளி, அதன்பின் மூன்று எழுத்து; புள்ளியில் தொடங்கும் கோப்பைக் கணினி மறைத்துவிடும். பெயரில்லாத ஒரே ஒரு படம்.

கடைசியாக எடுத்த படம்தான் மிஞ்சியிருக்கும்; அது எது என்று அவளுக்குத் தெரியும். கல்லாற்று டீக்கடையின் கண்ணாடிப் பாத்திரத்தில் பழம்பொரி, வாழைப்பழ பஜ்ஜி. அதை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவன் எழுந்து போனான். பழம்பொரியை எதிர்பார்த்துத் திறந்தாள்.

ஆறு. பழுப்பும் கறுப்புமான தண்ணீர். நடுவில் இடுப்பளவுக்கு நின்றுகொண்டிருக்கிறான் கௌசிக், முதுகைக் காட்டிக்கொண்டு. சட்டை ஒட்டிப்போயிருக்கிறது. பின்தலையில் நனைந்த முடி.

வினீத்துக்குப் போன் போட்டு, படங்கள் அழிந்துபோனதைச் சொன்னாள். கௌசிக்கின் நண்பன், அன்றைக்கு அதே காரில் போனவன். மலையாளி; அவளை அக்கா என்பதற்குச் சேச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"சேச்சி, அந்த டிஸ்க்ல இனி ஒண்ணும் செய்யண்டா. அப்படியே நாளைக்கு எடுத்துட்டு வாங்கோ. படத்தையெல்லாம் திரும்ப எடுக்கலாம்னு தோணுது," என்றான்.

"அவர் ஆத்துல நிக்கற படம் யார் எடுத்தா?"



"யாரும் எடுக்கல்ல சேச்சி. நாங்க எல்லாரும் கடைக்குள்ளயாக்கும் இருந்தோம்."

"உன் போன்ல அவர் படம் ஏதாவது இருந்தா அனுப்பேன். எதுவானாலும் சரி."

"என் கல்யாணத்துல எடுத்தது இருக்கு. இப்ப அனுப்பறேன்."

படம் வந்தது. பழுப்புத் தண்ணீர். முதுகு. நனைந்த முடி. கீழே வினீத்தின் செய்தி வந்தது: இது நான் அனுப்பினது இல்லை. அடுத்த படம் வந்தது. அதே முதுகு. இன்னொன்று. அதே முதுகு. பிறகு அவன் அனுப்புவதை நிறுத்திவிட்டான். அவள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

மழை குறைந்ததுபோல் இருந்தது. அப்படி இல்லை, வேறொரு சத்தம் அதற்கடியில் எழும்பியிருந்தது. கற்களின் மேல் தண்ணீர் ஓடும் சத்தம், தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் எங்கோ.

கூடத்துக்குப் போனாள். பாகீரதி ஸ்டூலில் ஏறி, சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். மல்லிகைச் சரத்துக்கு நடுவே இருந்தது முகமல்ல. பின்தலை. அதன் மத்தியில், நெற்றியில் வைப்பதுபோல, மோதிர விரலால் வட்டமாகப் பொட்டு வைத்தாள் பாகீரதி. பிறகு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜானு, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதே. அவன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

"அம்மா, கீழே இறங்குங்கோ."

"சித்த முன்னாடி வரைக்கும் நெனைவு இருந்துது, கேட்டியா. பெத்தவளுக்கு மறக்குமோ? நெனைச்சா முதுகுதான் வரது."

ஜானவி நினைத்துப் பார்த்தாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்குகிறவன்: முதுகு. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து சிரிக்கிறவன்: சிரிப்பு கேட்கிறது, தெரிவது பின்தலை. கல்யாண மண்டபம். அவன் அவளை நோக்கிக் குனிகிறான். தாலிக் கயிற்றோடு இரண்டு கைகள் அவள் கழுத்தைச் சுற்றி வருகின்றன. அந்தக் கைகளுக்கு மேலே, அவள் முகத்துக்கு அரை அடி தூரத்தில், ஈர முடி.

அழுகை வரவில்லை. பயம்கூட எங்கோ வெளியே, வேறொருத்தியின் வாசலில் நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தது.

"குழந்தையைப் போய்ப் பாரேன்," என்றாள் பாகீரதி. ஸ்டூலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அச்சு அசலா அவன்தானே அது. கண்ணு, மூக்கு, தாடை எல்லாம். அவளைப் பாத்தா நெனைவு வந்துடும் நமக்கு."

ஐந்து வயது மகள் மாளவிகா சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜானவி இருண்ட இடைகழியில் நடந்தாள். தரை ஈரமாக இருந்தது. ஓடு ஒழுகியிருக்கும். கால் வைக்கக் கூழாங்கல்போல் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்க்கவில்லை.

கதவைத் தள்ளினாள்.

குழந்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையணை நனைந்திருந்தது. ஆற்று மண்ணின் வாசனை.

"மாளு."

"ம்."

"அம்மா பக்கம் திரும்பு."

குழந்தை திரும்பினாள். பாய் சரசரத்தது. தோள் திரும்பியது. முழங்கால் திரும்பியது. சிறிய கைகள் இரண்டும் அம்மாவை நோக்கி நீண்டன.

தலை திரும்பவில்லை.

இல்லை. திரும்பியிருந்தது.

ஜானவி பாயில் மண்டியிட்டாள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். முடி. இந்தப் பக்கம். முடி. கழுத்திலிருந்து உச்சி வரை, சுற்றிலும், நனைந்து, ஒட்டி.

"அம்மா," என்றது உள்ளிருந்து. குரல் தெளிவாகத்தான் இருந்தது. "தலையெல்லாம் தண்ணி."

கொடியிலிருந்து துண்டை எடுத்தாள். குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சளி பிடிக்கும் என்று நினைத்தாள். முதலில் பின்பக்கம் துவட்டினாள், அழுத்தாமல், மெதுவாக. பிறகு குழந்தையைத் தன் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்து, முன்பக்கமும் துவட்டத் தொடங்கினாள்.