மரவாழை விடும் மூச்சு

அம்சவேணி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுடைய இளைப்பு வீட்டுக்குள் கேட்டது.

இழுப்பின் முடிவில் வரும் அந்தச் சின்ன விசில்கூடத் தப்பவில்லை. மீசையைச் சீவிக்கொண்டிருந்த அர்த்தனாரி, எலி என்று முடிவுகட்டினான். கொல்லிமலையில் மனிதர்களே மட்டம், எலி மட்டும் ஒழுங்காகவா கத்தும்? அரியூர் நாட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் ரைட்டராக வந்த நாள்முதல் மலைக்காரர்களைப் பார்த்துச் சுளித்துச் சுளித்தே, அவன் மூக்கில் கண்ணாடி உட்கார இடமில்லாமல் போயிருந்தது.

உலகத்தில் அவன் மதித்தது இரண்டே பேரை: ஒருவர் தோட்டத்துத் துரை, மற்றவர் தான். துரைக்கு மரவாழைப் பைத்தியம். மண்ணே வேண்டாமல், மரக்கிளையைக் கட்டிக்கொண்டு காற்றைத் தின்றே வாழும் செடி அது. நாளைக்கு வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் தலைமை ரைட்டர் வேலை. அதற்காகப் பாதிக் காட்டை மொட்டையடித்து, தேங்காய் மட்டைகளில் கட்டி, உத்தரமெங்கும் தொங்கவிட்டிருந்தான். மொட்டு குளிரில் உதிருமென்று ஜன்னல்களையும் சாத்தியாயிற்று. மிச்சமிருந்த இடம் மனைவி அம்சவேணியின் கட்டிலுக்கு நேர்மேலே. அங்கேயும் ஒரு வரிசை.

வாசல் கூட்ட வந்த பெருமாயி அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, நெஞ்சு நோவு இருக்கற ஊட்டுக்குள்ள இதயக் கட்டுவாங்களா? யாருக்காச்சும் மூச்சு இழுத்தா, எடுத்த மரத்துலயே கொண்டுபோயிக் கட்டிருவமுங்க. வெளிக்காத்து இல்லீன்னா அது ஊட்டுக்காத்தத் திங்குமுங்க."

"மரத்துக்கிட்ட மன்னிப்பும் கேப்பீங்களாக்கும்?"

"கேப்பமுங்க."

அவன் சிரித்த சிரிப்பில் ஓடுகள் இடம் மாறின. "துரை வந்து போகட்டும். அப்பறம் நீயே கொண்டுபோய்க் கட்டிக்க."

"அம்மணி அதுவரைக்கும் தாங்கோணுமுங்களே," என்றாள் பெருமாயி.

மத்தியானம் பனிமூட்டம் இறங்கி, மிளகுக்கொடிகளை விழுங்கி, ஓட்டுச் சந்துகள் வழியாக உள்ளே கசிந்தபோது, அவன் மறந்தும் தண்ணீர் காட்டாத இலைகளெல்லாம் வியர்த்துப் பளபளத்தன; வெள்ளை வேர்கள் கட்டிலை நோக்கி நீண்டிருந்தன; மொட்டுகளிலிருந்து காட்டு வாசனை வரவில்லை, அம்சவேணி நெஞ்சில் பூசிக்கொள்ளும் ஓமத் தைலத்தின் வாசனை வந்தது. தைலத்தைச் சிந்திவிட்டாள் போலிருக்கிறது, கைக்கு வக்கில்லாதவள், என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் அவள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"எளைப்பே இல்லீங்க! நெஞ்சு காலியா இருக்குதுங்க!"

மலைக்காரிக்கு மூக்கறுப்பு! அர்த்தனாரி மனைவியைக் கையோடு வாசலுக்கு இழுத்துப்போனான்.

"பாரு பெருமாயி! உன் மரம் என்ன சொல்லுது இப்ப?"

நல்ல குளிர். அவன் பேசியபோது வாயிலிருந்து புகை வந்தது. பெருமாயி வாய் பிளந்தாள். அவள் வாயிலும் புகை.

அம்சவேணி கலகலவென்று சிரித்தாள். அவள் வாயில் ஒன்றுமில்லை.

அவள் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

உள்ளே ஓடினான். எல்லா மொட்டுகளும் விரிந்திருந்தன. ஒவ்வொரு பூவின் வாயிலும் புகை. மெல்ல வந்தது. நின்றது. வந்தது. முடிவில் அந்த விசில்.

கட்டிலுக்கு மேலிருந்த மட்டையொன்றை அவிழ்த்தான். வாசலில் தொப்பென்று சத்தம். அம்சவேணி மண்டியிட்டுக் கிடந்தாள். மட்டையை மறுபடி மாட்டினான். அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"கால் தட்டிருச்சுங்க."

"மாட்டுனது மாட்டுனபடி இருக்கட்டுமுங்க," என்றாள் பெருமாயி. அவள் முகத்தில் ரத்தமில்லை. "யாரும் தொட்ராதீங்க சாமி."

யார் தொடப்போகிறார்கள்? ஆயுளுக்கும் காவல் இருப்பான். இந்த வீட்டைவிட்டு நகரமாட்டான். வேலையாவது, மயிராவது.

குளம்புச் சத்தம். துரையின் மட்டக்குதிரை. பின்னால் கூடை சுமந்த ஆட்கள்.

துரை உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அற்புதம் ரைட்டர்! எல்லாம் பங்களாவுக்கு. கூடையில் போடு!"

ஆட்கள் உத்தரத்துக்குக் கை நீட்டினார்கள். அர்த்தனாரி வாயைத் திறந்தான். புகை மட்டும் வந்தது. அது மேலே, பூக்களை நோக்கிப் போயிற்று.

அடுப்படி வாசலில் அம்சவேணி. கையில் துரைக்குக் காப்பி. டம்ளரின் ஆவி அவள் மூக்குக்குக் கீழே அலுங்காமல் நேராக ஏறியது. சிரித்தபடி நின்றாள்.

மேலே ஒரு கட்டு அவிழ்ந்தது. விசில் பாதியில் நின்றது.

சிரிப்பு மாறவேயில்லை. டம்ளர் மட்டும் சாயத் தொடங்கியது.