மூன்று பைகளும் மூன்று சாக்ஸும்

ரியேக்கா நகரத்தில் தெற்குக் காற்று வீசினால் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் அந்தக் காற்றுக்கு யூகோ என்று பெயர். அன்று விடிந்ததிலிருந்தே யூகோதான். நாய்கள் காரணமில்லாமல் குரைத்தன. பேருந்து ஓட்டுநர் பயணிகளோடு சண்டை போட்டார். பத்து வயது மொரானா சைக்கிள் கடை வாசலில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் சும்மா நில்லேன்!” என்றார் அப்பா.

“நீங்க மட்டும் சும்மாவா இருக்கீங்க? ஹெல்மெட்ல தாளம் போடறீங்களே!”

அப்பா தவோர் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். முந்தின நாள் மழையில் அவருடைய பழைய முதுகுப்பை ஒழுகிவிட்டது. உள்ளே இருந்த கல்யாணப் பத்திரிகைகள் கூழாகிப் போயின. முதலாளி நெவென்கா சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பயமாக இருந்தது.

“நாளைக்குச் சாயங்காலம் நாடக அரங்குக்கு இசைக்குறிப்புத் தாள் போகணும், தவோர். கையால எழுதினது, வேற பிரதி கிடையாது. நல்ல பையோட வா. இல்லேன்னா வரவே வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் பேரோ மூன்று பைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று சிவப்பு, உடம்பெல்லாம் ஜிப். ஒன்று கறுப்பு. மூன்றாவது கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறம்.

“மூணுமே வாட்டர் ப்ரூஃப்தான். சீட்டுலயே போட்டிருக்கு பாருங்க” என்றார் பேரோ.

அப்பா சிவப்புப் பையைத் தடவிப் பார்த்தார். “எத்தனை அறை! இதையே எடுத்துக்கலாமா?”

மொரானா அதன் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பையை உள்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். தையல் ஓரங்களில் பொடிப் பொடியாக வெளிச்சம் தெரிந்தது.

“மாமா, இந்த ஓட்டை வழியா வெளிச்சம் வருதே. தண்ணி வராதா?”

“சீட்டுல போட்டிருக்கும்மா…”

அந்த நேரம் பார்த்து மழை கொட்ட ஆரம்பித்தது. கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் தடதடவென்று விழுந்தது. மொரானா சட்டென்று ஷூவைக் கழற்றினாள். அப்புறம் சாக்ஸ்.

“ஏய், என்ன பண்றே?”

“பைக்குள்ள ஆளுக்கு ஒரு சாக்ஸ் போடலாம், அப்பா. சிவப்புக்கு ஒண்ணு, கறுப்புக்கு ஒண்ணு. ரோஜாவுக்கு உங்களோடதைக் குடுங்க.”

அப்பாவின் சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பேரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் இருமினார்.

“வெளியில தொங்கவிடலாமா மாமா? வாட்டர் ப்ரூஃப்னா பயமே இல்லையே!”

பேரோவே பைகளைக் கொண்டுபோய் மாட்டினார். மூன்று பைகளும் குழாய்க்கடியில் நனைந்தன. மொரானா வெறுங்காலோடு கதவுக்கும் மேசைக்கும் நடந்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பேரோ மேசையில் விரலைத் தட்டினார்.

கடைசியில் பைகளை உள்ளே எடுத்து வந்தார்கள். சிவப்புப் பையிலிருந்த சாக்ஸைப் பிழிந்தபோது தண்ணீர் ஒழுகியது. மற்ற இரண்டும் காய்ந்தே இருந்தன.

பேரோவின் முகம் வாடியது. “அய்யய்யோ, நேத்துதான் ஒரு தம்பிக்கு இந்தச் சிவப்பை வித்தேன்.”

“அந்த அண்ணாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்க மாமா. மாத்திக் குடுத்தா சந்தோஷப்படுவார்.”

 பேரோ தலையாட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

“அப்போ கறுப்புதான்!” என்று அப்பா அவசரமாகப் பையைத் தூக்கினார். மொரானா விடவில்லை. கடையிலிருந்த சைக்கிள் பூட்டுகளை எல்லாம் அதில் அள்ளிப் போட்டாள். அப்பா தோளில் மாட்டியதும் பட்டை ‘மளக்’ என்றது.

போனை வைத்த பேரோ, “அது லேசான சுமைக்குத்தாங்க” என்று ஒத்துக்கொண்டார். “ரோஜாவுல தையலே கிடையாது, சூடு வச்சு ஒட்டினது. வாயைச் சுருட்டி மடிச்சு கொக்கி போடணும். பட்டையும் அகலம். ஆனா நிறத்தைப் பார்த்து யாரும் வாங்கல.”

பூட்டுகள் அத்தனையும் ரோஜாப் பைக்கு மாறின. அப்பா குதித்துப் பார்த்தார். பட்டை வாயே திறக்கவில்லை.

“கூட வேலை செய்யற பசங்க என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க, மொரானா.”

“மழை என்ன கலர் பார்த்தா பெய்யுது? நெவென்கா அத்தைக்குத் தாள் நனையாம போகணும். அவ்வளவுதானே?”

அப்பா பெருமூச்சு விட்டார். பணத்தை எடுத்தார்.

சாயங்காலம் அந்த ரோஜா நிறம் மழைக்குள் சின்னதாகி மறைந்தது. பார்சல் அலுவலகத்தில் மொரானாவும் நெவென்காவும் மட்டும். மொரானா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள்.

“உட்காரும்மா, தரை தேயுது” என்ற நெவென்கா, தானும் எழுந்து நடக்க ஆரம்பித்தார்.

நேரம் போனது. அப்பா வரவில்லை. நெவென்கா நாடக அரங்குக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். இந்த முறை யாரோ எடுத்தார்கள். ஆனால் பேசவில்லை.

“ஹலோ? ஹலோ? தாள் வந்துச்சா?”

பதிலுக்கு வயலின்கள் கேட்டன. முதலில் ஒன்று, பிறகு பல. நெவென்கா போனை இருவரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

“இந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லையே” என்று முணுமுணுத்தவரின் கண்கள் விரிந்தன. “புதுசு! அந்தத் தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறாங்க, மொரானா!”

கதவு திறந்தது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்பா நின்றார். “திரும்பி வர்ற வழியில பள்ளத் தெருவுல ஒரே வெள்ளம். அதான் லேட்டு…”

“ஷ்ஷ்! பாட்டு முடியட்டும்” என்றார் நெவென்கா. அப்பாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “நாளைக்குக் காலையில சீக்கிரம் வந்துடு, தவோர். வேலை நிறைய இருக்கு.”