தையலில் வேறு கை

வயிற்றுக் கட்டைப் பிரித்ததும் டாக்டரின் கை நின்றது. முடிச்சுகளைக் காணோம்.

குடல் அடைப்புக்காகத் திறந்த அந்த வயிற்றைத் தைத்து மூடியது அவள்தான். நீல நைலான், ஒவ்வொரு தையலும் தனித்தனி. புண் வீங்கினால் இடம் வேண்டுமே என்று சற்றுத் தளர்வாகப் போட்டு, முடிச்சுகளையெல்லாம் காயத்தின் மேல் படாமல் ஒரே பக்கமாக ஒதுக்கியிருந்தாள். இப்போதோ தையல் ஒரே ஓட்டமாக ஓடியது, காயத்தின் ஓரங்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கமாக. நூல் அதே நூல்தான். கை வேறு.

ஜன்னல் திரையில் மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடைக்கு அடியில், ஈரத் துணியை நாள் கணக்கில் மூடி வைத்தாற்போல ஒரு புழுங்கல் நெடி. வெளியே ஏதோ தள்ளுவண்டியின் சக்கரம் கிரீச்சிட்டபடியே போய்த் தேய்ந்து அடங்கியது. கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவன் மனைவியின் விரல்களை டாக்டர் பார்த்தாள். ஊசி பட்டுப் பட்டுக் காய்த்துப்போன நுனிகள். தையல்காரி.

"ஏம்மா, உண்மையைச் சொல்லுங்க. இதுல கை வச்சீங்களா?"

"நானா? ரத்தத்தைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும் டாக்டரம்மா."

"இப்படி எங்க ஆளுங்க யாரும் தைக்க மாட்டாங்க. இவ்வளவு இறுக்கினா ரத்தம் ஓடாது. ஓரமெல்லாம் செத்துப்போகும், புண்ணு ஆறவே ஆறாது."

தையல்காரியின் முகம் கல்லானது. "அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். உள்ள என்னத்த வச்சுத் தைச்சீங்க? இவர் பக்கத்துல உக்காந்தா நூல் இழுபடற சத்தம் கேக்குது. சர்ரு... சர்ருன்னு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

டாக்டருக்குச் சுருக்கென்றது. செய்வதையும் செய்துவிட்டுப் பழியைத் தூக்கி நம் தலையில் போடுகிறாளே! கத்தரியை எடுத்தாள். ஒரே ஓட்டமாகப் போன தையலுக்கு ஒரு வெட்டு போதும், மொத்தமும் தளர்ந்துவிடும். அப்புறம் இவளை வெளியே அனுப்பிவிட்டு ஒழுங்காகத் தைத்துக்கொள்ளலாம்.

வெட்டினாள்.

தளரவில்லை. அறுந்த நுனிகள் இரண்டும் மெல்ல நகர்ந்தன. தோலுக்குள். புழு வளைக்குள் போவதுபோல. ஒரு நுனியை இடுக்கியால் பற்றி இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது.

"வெட்டாதீங்க டாக்டரம்மா," என்றான் கட்டிலில் கிடந்தவன், கண்ணைத் திறக்காமலேயே. "அது கோவிச்சுக்கும்."

சர்ரு.

தையல்காரி சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கையும் வாயைப் பொத்தியிருந்தன.

சர்ரு.

காயத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்த டாக்டரின் விரலுக்கு அடியில் தோல் கூம்பி எழுந்தது. வளைந்த ஊசியின் முனை. உள்ளிருந்து. கையுறையைத் துளைத்தது. விரலைத் துளைத்தது. நகத்தோரமாக வெளியே வந்து, நீல நூலை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், காயத்தின் எதிர் ஓரத்தில் இறங்கியது.

பிறகு இறுக்கியது.