இந்தப் படத்தில் என்ன குறை

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. அலெக்சாந்திரியாவின் அந்தத் தெருவில் டிராம் சத்தம்கூட அடங்கி, பக்கத்து வீட்டுப் பருப்புச் சூப்பின் சீரக வாசனை மட்டும் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த இஸ்ஸத்தின் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணிமேல் எஃகுத் தட்டு, தட்டு நிறைய மருத்துவ ஊசிகள். அனுப்பியவர் பெயர் இல்லை. "கருத்துச் சொல்லுங்க உஸ்தாத்" என்று மட்டும் இருந்தது.

பெயர் இல்லாதது அவருக்குப் புதிதல்ல. அவர் நடுவராக இருந்த புகைப்படச் சங்கத்தில் படத்தைத் திரையில் காட்டுவார்கள். எடுத்தவர் யாரென்று சொல்லமாட்டார்கள். எடுத்தவர் இருட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்கவேண்டும். இஸ்ஸத்தும் வாய்க்கு வந்ததைச் சொல்வார். இந்த ஊசிகளின் முனையில் ஏதோ மஞ்சளாய்க் காய்ந்திருந்தது, பார்க்கவே குமட்டியது. ஆனாலும் பழக்கம் விடுமா?

"வெளிச்சம் முரடா இருக்கு. ஜன்னல் பக்கம் வெச்சு எடுங்க. பின்னணியும் வெறிச்சோன்னு இருக்கு" என்று எழுதி அனுப்பினார்.

உடனே அடுத்த படம் வந்தது. இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம். நீலப் பூப்போட்ட மேசைவிரிப்பு. தட்டுக்குப் பின்னால் பேரீச்சம்பழக் கிண்ணமும் ஒரு தம்ளர் பாலும்.

அவர் தலைநிமிர்ந்தார். எதிரே அதே விரிப்பு, அதே கிண்ணம், அதே பால். தட்டு மட்டும் இல்லை. மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கதவை அவரே உள்ளே தாழிட்டிருந்தார். சீரக வாசனை போய், ஸ்பிரிட் நெடி அடித்தது.

"யாரு நீ?" என்று எழுதினார்.

"பேரு சொல்லக்கூடாதுங்கறது உங்க சங்கத்துச் சட்டம்தானே உஸ்தாத்."

சங்கம் என்றதும் அவருக்கு நினைவு வந்தது. போன வருடம், திரையில் ஊசி செருகிய ஒரு சின்னக் கை. "இதுல உயிரே இல்லையே, மெழுகுல செஞ்ச கையா?" என்று அவர் கேட்க, கூடமே சிரித்தது. முன்வரிசையில் சங்கத்து உறுப்பினர் ரத்தீபா எழுந்தாள். "என் மக கை. நான் எடுக்கும்போது உயிர் இருந்துச்சு" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நடுவரின் மதிப்பு என்னாவது? குளிர்காலத்தில் ரத்தீபாவும் செத்துப்போனாள் என்று கேள்விப்பட்டபோதுகூட அந்த வீட்டுப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

எழுதினார். "மன்னிச்சிடும்மா."

"மன்னிப்பு யார் கேட்டா? கருத்துதான் கேட்டேன். இந்தப் படத்துல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல."

"கை இல்லையே உஸ்தாத்."

வானொலியில் நோன்பு திறக்கும் பீரங்கி முழங்கியது. எழுந்து ஓடப் பார்த்தார். கால் வரவில்லை. வலக்கையில் கைபேசி மினுங்கியது. மூன்றாவது படம். தட்டு காலி. பக்கத்தில் ஒரு கை. மெழுகு நிறம். அதில் அவருடைய கடிகாரம்.

குனிந்து பார்த்தார்.

விரிப்பின்மேல் அவருடைய இடக்கை. ஜன்னல் வெளிச்சத்தில். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஊசிகள்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை.