சிவக்காத விளக்கு

சென்னையில் இப்போது வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் "போறேன்" என்றுதான் சொல்கிறார்கள். "போயிட்டு வரேன்" என்று சொல்லி, திரும்பி வரும் எண்ணம் இல்லையென்றால், சட்டையில் குத்தியிருக்கும் மெய்விளக்கு மானத்தை வாங்கிவிடும். நெஞ்சில் இருப்பதே வாயில் வந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எதற்கு வம்பு என்று நகரமே பேச்சைக் குறைத்துக்கொண்டது.

மெய்விளக்கு நிறுவனத்தின் மண்டல மேலாளர் சம்யுக்தாவின் விளக்கு ஒருமுறைகூடச் சிவந்ததில்லை. அதில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. விளாத்திகுளத்தில் மட்டும் விளக்குகள் ஓயாமல் சிவக்கின்றன என்று புகார் வந்ததும் அவளைத்தான் அனுப்பினார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தால் மும்பைத் தலைமையகத்தில் பதவி.

முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. சாப்பிடப் போன மெஸ்ஸில், அதை நடத்தும் செண்பகராஜ் காலிப் பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கூச்சப்படாமச் சாப்பிடுங்க மேடம், உள்ள நெறையக் கெடக்கு" என்றான். அவன் விளக்கு சிவந்தது. பக்கத்து இலைக்காரர், "எனக்கு வயிறு ரொம்பிருச்சுப்பா, அவங்களுக்கு வையி" என்றார். அதுவும் சிவப்பு. யாரும் கண்டுகொள்ளவே இல்லை.

"இப்படிப் பொய் சொல்றீங்களே?" என்றாள் சம்யுக்தா.

"சோறு தீந்துபோச்சுன்னு சொன்னா நீங்க அரை வயித்தோட எந்திரிச்சிருவீங்க" என்றான் அவன். பச்சை.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாளும் அங்கேயே போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஒரு மதியம் அவளுக்கென்றே தனியாக மீன்குழம்பு வைத்திருந்தான். வாயில் வைக்க முடியாத உப்பு. எதிரே ஆவலோடு நின்ற முகத்தைப் பார்த்து, "பிரமாதம்" என்றாள்.

அவளுடைய விளக்கு முதன்முறையாகச் சிவந்தது. செண்பகராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். இத்தனை வருடப் பெருமை போனதில் அவளுக்குத் துளியும் வருத்தமில்லை, சந்தோஷமாகவே இருந்தது.

விளக்கில் பழுதில்லை, இந்த ஊர்க்காரர்கள் பேசும் விதமே இப்படி என்று அறிக்கை அனுப்பினாள். உடனே வரச்சொல்லி மும்பையிலிருந்து உத்தரவு வந்தது. அவள் ஆசைப்பட்ட பதவிதான். ஆனால் பெட்டியை அடுக்கக் கை வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குச் செண்பகராஜ்தான் பெட்டியைத் தூக்கி வந்தான். அவன் மனம் நோகக்கூடாதே என்று, சிவப்பு எரிந்தாலும் எரியட்டுமென்று, "போயிட்டு வரேன்" என்றாள்.

பச்சை எரிந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். "அது... ஊர் வழக்கமாச்சேன்னு சும்மா சொன்னேன்" என்றாள் அவசரமாக. சிவப்பு.

"அதனால என்ன, மெதுவா வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றான் செண்பகராஜ்.

அவன் விளக்கும் சிவந்தது.